வெறுங்குழாயில் வந்த உயிர்

1

இதெல்லாம் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று எனக்கே சந்தேகம். அக்கா சொன்னது பாதி. அவள் பேசாமல் உட்கார்ந்திருந்த நேரங்களில் நானாக ஊகித்தது மீதி. ஊகித்த பாதிதான் எழுத நன்றாக வருகிறது, ஜாக்கிரதை.

முதல் தொடக்கம்: "சதுப்புநிலத்தின் மேல் மூடுபனி, யாரோ மறந்துபோன..." (அடித்துவிட்டேன். என் கதையில் மூடுபனி வந்தால் எனக்கு விஷயம் தெரியவில்லை என்று அர்த்தம்.)

இரண்டாவது: அக்கா சேறு அள்ளினாள். இது உண்மை. இதுவே இருக்கட்டும்.

2

சதுப்புநிலச் சேற்றிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அதன் வரிசையைப் படித்து, ஏற்கெனவே தெரிந்த நுண்ணுயிர்களின் வரிசைகளோடு ஒப்பிடுவது அவள் ஆராய்ச்சி. ஒன்று மட்டும் எதனோடும் ஒட்டவில்லை. புதிய பேரினமாகவே இருக்கலாம். முனைவர் பட்டத்துக்கு அது ஒன்றே போதும்.

அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது.

"என் பேர வை."

"அது அழுகினத தின்னுட்டு வாயு விடும்ப்பா."

"பொருத்தமாத்தான் இருக்குன்னு உங்கம்மாவே சொல்லுவா. வை."

(இந்த உரையாடலில் நான் கை வைக்கவில்லை. வைக்க இடமும் இல்லை.)

3

சேறே போடாமல், ஆய்வகத்தின் சுத்திகரித்த தண்ணீரை மட்டும் விட்டு, ஒரு சோதனைக் குழாயையும் எல்லாப் படிகளிலும் கூடவே கொண்டுபோவார்கள். வெறுங்குழாய். அதில் ஒன்றும் வரக் கூடாது.

வந்தது. அதே உயிர். அதாவது, அது சதுப்புநிலத்துக் குடிமகனே அல்ல. ஆய்வகத்துத் தண்ணீர் வடிகட்டியில் வாடகை கொடுக்காமல் இருந்திருக்கிறது.

"வெறுங்குழாய எவம்மா கேக்கப் போறான்? கணக்குலேருந்து எடுத்துடு," என்றார் அவளுடைய ஆராய்ச்சி கைடு.

"நான் கேப்பேனே சார்."

இங்கே அவளை அழவைத்திருந்தேன். வரைவைப் படித்துவிட்டு, "எங்கடா அழுதேன்? டீ ஆறிப்போச்சுன்னு கத்திட்டு இருந்தேன்," என்றாள். அடித்துவிட்டேன். நல்ல பத்தி அது.

4

மாற்று முடிவு: அவள் வெறுங்குழாயை நீக்குகிறாள். பட்டம். அப்பாவுக்கு அழியாப் புகழ். (அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.)

நடந்தது: தண்ணீர் கெட்டிருக்கிறது என்று அலுவலகத்தில் சொன்னாள். எங்கே இருந்தாலும் அது புதிய உயிர்தானே? மறுநாள் வடிகட்டியைத் திறந்து, அதை உயிரோடு எடுத்து வளர்ப்பதாகத் திட்டம். எடுத்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆய்வகத்தில் ஒரு விளக்கு மாற்ற மூன்று மாதம் ஆகும் என்பதால், அவசரம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று மதியமே ஆள் வந்து வடிகட்டியைக் கழற்றிக் குப்பை வண்டியில் போட்டு, தண்ணீர்க் குழாய்களை மருந்து ஊற்றிக் கழுவி, புதியதை மாட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "பண்ணிட்டாங்கடா," என்றாள்.

"என்னக்கா, என்ன பண்ணிட்டாங்க?"

"வேலைய பண்ணிட்டாங்கடா."

5

முடிவை உங்களிடம் விடுவதாக இருந்தேன். விட மாட்டேன். நீங்கள் அந்த வடிகட்டியைக் குப்பையிலிருந்து மீட்டுவிடுவீர்கள்.

அக்கா மறுபடி சேறு அள்ளி, இரண்டு வருடம் தாமதமாகப் பட்டம் வாங்கினாள். கைடு ஓய்வு பெற்றுவிட்டார். அப்பா என்னிடம் கேட்க ஆரம்பித்திருக்கிறார், கதையிலாவது பெயர் வருமா என்று. வராது. அந்த உயிரின் வரிசை மட்டும் தரவுத்தளத்தில் இருக்கிறது, அடையாளம் தெரியாதது என்ற குறிப்போடு. வேறெங்கும் அதை இதுவரை யாரும் பார்க்கவில்லை.