சோலைமலைக்குப் பின்னால் ஒரு நாற்காலி

இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பிய நாள் முதல் சோலைமலையை யாரும் நடக்கவிடவில்லை. வடமதுரைக்குப் பக்கத்தில் அவருடைய மல்லிகைத் தோட்டம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். மனிதர் கட்டிலில் உட்கார்ந்தபடி வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். பாசமாம், பாழாய்ப்போன பாசம்.

அதனால், மறுபரிசோதனைக்குத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, அங்கே நர்சிங் ஆராய்ச்சி செய்யும் நான்சி, "உங்களால என்னென்ன செய்ய முடியுதுன்னு அளக்கணும் ஐயா" என்றதும் அவருக்கு உயிர் வந்தது. நடந்து காட்டிவிட்டால் தோட்டம் கிடைத்துவிடும்.

"தானாக் குளிப்பீங்களா?"

"நாந்தான் ஊத்திவிடுவேன்" என்றாள் மனைவி சின்னக்கண்ணு.

"மாடிப்படி ஏற முடியுதா?"

"இவுகள ஏற விட்டாத்தானே தாயி!"

"அம்மா, முடியுமான்னுதான் கேட்டேன். விடுவீங்களான்னு கேக்கல."

சின்னக்கண்ணுவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான்சி பேச்சை விட்டுவிட்டு, அவரை ஆறு நிமிடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக நடக்கச் சொன்னாள். தனியாகவா? சோலைமலை அடியெடுத்து வைத்ததுமே, விழுந்தால் தாங்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சின்னக்கண்ணு பின்னால் கிளம்பினாள். அவள் பின்னால் வெந்நீர் பிளாஸ்க்கோடு, துணைக்கு வந்திருந்த மச்சினன். மூன்று பேர் வரிசையாகப் போவதைப் பார்த்த நோயாளிக் கூட்டம், டாக்டரைப் பார்க்க டோக்கன் கொடுக்கிறார்கள் என்று முடிவுகட்டிப் பின்னால் சேர்ந்துகொண்டது. சோலைமலை திரும்பினால் வரிசையும் திரும்பியது. "முந்தாதீகப்பா, நாங்க விடியுமுன்ன வந்தவுக!" என்று சண்டை வேறு.

"இது டோக்கன் இல்ல, ஆராய்ச்சி!" என்று நான்சி தொண்டை கிழியக் கத்தினாள். ஆராய்ச்சிக்கும் டோக்கன் வாங்க வேண்டுமோ என்று இன்னும் நாலு பேர் வந்து நின்றார்கள்.

நேரம் முடிந்தது. சோலைமலைக்கு மூச்சுகூட வாங்கவில்லை. "நல்லா நடக்குறீங்க ஐயா. டாக்டர் அன்னைக்கே நடக்கத்தான சொன்னாரு? தாராளமாத் தோட்டத்துக்குப் போங்க" என்றாள் நான்சி.

ஜெயித்துவிட்ட முகத்தோடு திரும்பினார். அவருக்காகத் தூக்கிவந்த நாற்காலியில் சின்னக்கண்ணு உட்கார்ந்திருந்தாள். வியர்வையில் ரவிக்கை நனைந்து, பேச்சு வராமல் இரைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவளிடம் ஓடினார். இத்தனை நாள் தன்னைத் தாங்கியவளை, உனக்கு எப்படி இருக்கிறது என்று தான்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

நான்சி நாடி பார்த்தாள். "அம்மா, படி ஏறினாலும் இப்படித்தான் மூச்சு வாங்குதா?"

சின்னக்கண்ணு வாயைத் திறப்பதற்குள் சோலைமலை முந்திக்கொண்டார்.

"அவளால முடியாது தாயி. இனிமே நான் ஏற விடமாட்டேன்."

செத்த நேரம் ஆசுவாசப்படுத்தி, அவளைப் பக்கத்திலிருந்த டாக்டர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சோலைமலை பின்னால் நடந்தார். அவர் பின்னால் மறுபடியும் வரிசை சேர்ந்தது.