ஆறு ராணிகளும் ஒரு டென்னிஸ் மட்டையும்

1

இந்தக் கதை எங்கள் வீட்டு ஃப்ரீசரில், பட்டாணிப் பொட்டலத்துக்கும் மீனுக்கும் நடுவே பிறந்தது. அங்கே என்ன வைத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முதலில் எழுதிய தொடக்கம்: "அந்த ஏப்ரலில் லிண்டன் ஊரை மரண பயம் பிடித்து—"

(அடித்துவிட்டேன். ஆசியாவிலிருந்து வந்த ராட்சதக் குளவி எங்கள் ஊரில் ஒருவரையும் கொட்டவில்லை. செய்தியில் மட்டும் தினமும் கொட்டியது.)

2

பக்கத்து வீட்டு மார்லிஸ் டைக்ஸ்ட்ராவுக்கு எழுபது வயது. ஒரு சொட்டு மது தொட்டதில்லை. ஆரஞ்சுச் சாற்றில் அரிசி ஒயின் கலந்து மரத்தில் தொங்கவிட்டால் குளவி விழும் என்று டிவியில் சொன்னதும், கடையிலிருந்த பதினோரு புட்டியையும் வாங்கி, பைபிள் வகுப்புப் பையில் மறைத்துக் கொண்டுவந்தார்.

"என்னடி, வீட்டுலயே சாராயக்கடை போட்டுட்டியா?" என்றார் கணவர் கெரிட். நாலு ஏக்கர் புளூபெர்ரித் தோட்டம் அவருடையது.

"வாய மூடு. ஊரைக் காப்பாத்துறேன்."

"மொதல்ல மூடியை இறுக்கி மூடு. வாசனைக்கு நானே பறந்து வந்து விழுந்துருவேன் போல."

புட்டிகளில் ஈக்கள்தான் விழுந்தன. எனவே மார்லிஸ் டென்னிஸ் மட்டையை எடுத்தார். குண்டாக, ரீங்கரித்துக்கொண்டு வந்ததையெல்லாம் அடித்து, ஃப்ரீசரில் உறையவைத்து, திங்கள்தோறும் பூச்சி ஆய்வகத்துக்குத் தபாலில் அனுப்பினார். 'இது குளவி இல்லை' என்று பதில் வரும்.

"ஜனங்க பயப்படக் கூடாதுன்னு மறைக்கிறாங்க," என்பார்.

(இங்கே ஒரு சந்தேகம். மார்லிஸைக் கோமாளியாக்குகிறேனோ? எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒன்பது நாள் சூப் கொண்டுவந்தவர் அவர். கதையில் அதை வைக்க வேறு இடமில்லை.)

3

ஆறாவது பொட்டலத்துக்குக் கடிதம் வரவில்லை, ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. மார்லிஸ் ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், நீங்க அனுப்பின ஆறும் நம்ம ஊர்க் காட்டுத் தேனீங்க. இந்த இனத்துல வசந்தத்துல தனியா பறக்குறது ராணி மட்டும்தான். அது செத்தா அந்தக் கூட்டமே இல்ல. புளூபெர்ரிப் பூவை உலுக்கிக் காய் பிடிக்க வைக்கிறதே இதுங்கதான்."

கெரிட் எழுந்து ஜன்னலருகே போனார். நாலு ஏக்கரும் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"தோட்டத்துல சத்தமே இல்லையேன்னு நேத்தே நெனச்சேன்," என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் மார்லிஸ் தாங்கியிருப்பார்.

4

முடிவு அ: நிஜக் குளவி வருகிறது. மார்லிஸ் ஒரே அடியில் வீழ்த்துகிறார். ஊரே கைதட்டு— (பொய்.)

முடிவு ஆ: எங்கிருந்தோ ஒரு ராணி வந்து, பூப்பூவாக உட்கார்ந்து, கிளைகள் எல்லாம்— (ஆசை.)

நடந்தது இவ்வளவுதான். சற்றுமுன் கதவு தட்டப்பட்டது. மார்லிஸ், கையில் மட்டையோடு.

"இது எங்கிட்ட இருக்க வேணாம், நீங்களே வச்சுக்கங்க." மட்டையை நீட்டியபடியே கேட்டார்: "ஒண்ணாவது மிச்சமிருக்கும்ல? நேத்து உங்க வேலியோரமா குண்டா ஒண்ணு போச்சே. நான் பாத்தேன். அடிக்காம விட்டேன்."

அது என் ஃப்ரீசரில் இருக்கிறது. போன் வந்த கதை தெரியாமல், நேற்றே செருப்பால் அடித்தேன். நானும்தான் செய்தி பார்க்கிறேன்.

மார்லிஸ் இன்னும் வாசலில் நிற்கிறார். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அவருக்கு முழங்கால் வலி, ரொம்ப நேரம் நிற்க முடியாது.