அடுக்குத் தயிரும் கரும்பு லாரியும்

இந்த வருஷத்துக் கத்திரி வெயிலில் கச்சிராயபாளையத்துக் காக்கைகள் எல்லாம் நடந்துதான் போயின. பறந்தால் இறகு பற்றிக்கொள்ளும் என்ற பயம். கோமுகி அணை மீன்கள் கரையேறி வந்து புளியமர நிழலில் உட்கார்ந்திருந்தன என்றும் சொன்னேன். ஆண்டாள் நம்பவில்லை. ஆண்டாள் என் தம்பி ஜெயப்பிரகாஷின் மனைவி. நான் சொல்வதில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் காதில் வாங்குவாள்.

நான் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். சின்னசேலம் தொடங்கி மலையடிவாரம் வரைக்கும் என் ஊசி படாத இடுப்பு கிடையாது. இன்றைக்கும் நான் எதிரில் வந்தால் பெரிய பெரிய மீசைக்காரர்கள்கூடப் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் வணக்கம் சொல்வார்கள்.

ஆனால் தம்பியின் கரும்பைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டது. வெட்ட ஆளும் பேசியாகிவிட்டது. கரும்போ தோகை காய்ந்து, நாளுக்கு நாள் எடை குறைந்து நின்றுகொண்டிருந்தது. லாரி வயலுக்குள் வரவேண்டும் என்றால் பக்கத்து நிலக்காரர் ராஜாங்கத்தின் தரிசு வழியாகத்தான் வரவேண்டும். தார் ரோட்டுப் பக்கம் ஆள் நடக்கும் வரப்பு மட்டும்தான், லாரிக்கு வேறு வழி இல்லை. எல்லா வருஷமும் அப்படித்தான் வந்துபோனது. போன வெட்டில் லாரிச் சக்கரம் ஏறி ராஜாங்கத்தின் தண்ணீர்க் குழாய் உடைந்தது. தம்பி "தெரியாம ஆயிடுச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அது ஏற்கெனவே ஓட்டைக் குழாய்தானே" என்று சொல்லிவிட்டான். இந்த வருஷம் ராஜாங்கம் ஆளுயரத்துக்கு வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்துவிட்டார்.

"நீ போய்க் கேளேண்டா" என்றேன்.

"போனேங்க்கா. கதவாண்டையே நிக்க வச்சுப் பேசி அனுப்பிட்டாரு. அந்த ஆளு நம்ம வூட்ல ஒரு வாய் சோறு துண்ணாதான் மனசு எறங்கும். துண்ணுட்டு மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்ல மாட்டாரு."

கோடையில் மோட்டார் கொட்டகை பக்கத்தில் முனியப்பனுக்குப் பொங்கல் வைத்து, சுற்றியுள்ள நிலக்காரர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுவது எங்கள் குடும்பத்து வழக்கம். அதற்கு ராஜாங்கத்தைக் கூப்பிட நானே நேரில் போனேன்.

"நர்சம்மா வந்து கூப்பிட்டு வராம இருப்பனா" என்றார். "சாமி கும்புட வரேன். ஆனா ஒரு பருக்கை துண்ண மாட்டேன், சொல்ட்டேன்."

"மோராச்சும் குடிப்பீங்களா?"

"வெயில்ல வந்தவன் மோர் வேணாம்னா சொல்லுவான்? அதெல்லாம் சாப்பாட்டுக் கணக்குல வராது. குடுத்தா குடிச்சிட்டுப் போறேன்."

போதாதா எனக்கு? திரும்பி வரும் வழியிலேயே திட்டம் தயாராகிவிட்டது.

சென்னையில் என் மகள் சுபஸ்ரீ தன் வீட்டு விருந்தொன்றில் ஒரு பண்டம் கொடுத்தாள். கண்ணாடி டம்ளரில் கெட்டித் தயிர் ஒரு அடுக்கு, சிவப்பாக ஏதோ குளிர்தேசத்துப் பழக்கூழ் ஒரு அடுக்கு, மொறுமொறுப்பாக ஒரு அடுக்கு, மறுபடியும் தயிர். பார்ஃபே என்றாள். நான் அடுக்குத் தயிர் என்று பெயர் வைத்துக்கொண்டேன். ஒரு கரண்டி வாயில் போட்டதும் என் மூட்டுவலி லிஃப்டில் ஏறிக் கீழே போய்விட்டது. தயிர்தானே, மோருக்கு அண்ணன் முறை. ராஜாங்கத்திடம் மோர் என்று சொல்லிக் கொடுத்துவிட வேண்டியது. அவர் தின்று முடித்தபிறகு அது சாப்பாடு என்று எடுத்துச் சொல்ல வேண்டியது.

"வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீங்க" என்றாள் ஆண்டாள். அவள் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

குளிர்தேசத்துப் பழத்துக்கு நான் எங்கே போவேன்? கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் மலையிலிருந்து இறங்கி வரும் பெண்கள் களாப்பழத்தைக் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். கன்னங்கரேலென்று பழுத்தவை. மொத்தக் கூடையையும் வாங்கினேன். உப்புத் தண்ணீரில் அலசி, கொட்டை நீக்கி, வெல்லம் போட்டுக் கிண்டக் கிண்ட, கருப்பு போய் ரத்தச் சிவப்பு வந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்தால் எந்த டாக்டரும் உடனே கட்டுப்போடத் துணி தேடுவார். தயிரைப் பழைய வேட்டியில் மூட்டை கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டிருந்தோம். காலையில் அவிழ்த்தால் வெண்ணெய் மாதிரி நின்றது. அதைக்கொண்டு சுவரே எழுப்பியிருக்கலாம். சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு அடித்தேன். மொறுமொறுப்புக்கு, வறுத்த அவலோடு கடலை மிட்டாயை இடித்துச் சேர்த்தேன்.

எல்லாம் முடிந்து டம்ளர் கேட்டபோதுதான் தெரிந்தது. ஆண்டாள் வீட்டில் கண்ணாடி டம்ளர் ஒன்றுகூட இல்லை. இருப்பதெல்லாம் கல்யாண மொய்யில் வந்த, பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர்கள்.

"இதுல போட்டா அடுக்கு எப்படிடீ தெரியும்?"

"வாய்க்குத் தெரிஞ்சா போதாதா? கண்ணாலயா துண்ணப் போறாங்க?"

எவர்சில்வரிலேயே அடுக்கினேன். மேலே பார்த்தால் வெள்ளையாகத் தயிர் மட்டும்தான். அசல் மோரேதான். ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு எல்லா டம்ளரையும் ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

பொங்கல் முடிந்து உச்சி வெயிலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. ராஜாங்கம் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு கட்டிலில் தள்ளி உட்கார்ந்திருந்தார். இலைப்பக்கம் திரும்பவே இல்லை. கொட்டகை ஓரத்தில் தம்பி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, கல்வராயன் மலைப் பலாப்பழத்தை அருவாளால் பிளந்துகொண்டிருந்தான். நான் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து கொண்டுவந்திருந்த டம்ளர்களில் ஒன்றை எடுத்துப்போய் நீட்டினேன்.

"மோருங்க. குளுகுளுன்னு கீது."

கரண்டியை மறந்துவிட்டேன். அதைவிடப் பெரியதாக இன்னொன்றையும் மறந்தேன். ராஜாங்கம் எந்தப் பாத்திரத்திலும் உதடு வைக்காத மனிதர். தண்ணீரோ காப்பியோ மோரோ, முகத்தை வானத்துக்குக் காட்டி ஒரு முழம் உயரத்திலிருந்துதான் ஊற்றிக்கொள்வார்.

அண்ணாந்தார். டம்ளரைச் சாய்த்தார். ஒன்றும் விழவில்லை.

இன்னும் சாய்த்தார். வேட்டியில் தொங்கிய தயிர் எங்கே விழும்? டம்ளர் முழுசாகக் கவிழ்ந்து நின்றது. அப்போதும் விழவில்லை.

"இன்னாது இது?" என்று வாயைத் திறந்து வைத்தபடியே கேட்டு, இன்னொரு கையால் டம்ளரின் அடியில் ஒரு தட்டுத் தட்டினார்.

அணைக்கட்டு உடைந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? நான் அன்றைக்குப் பார்த்தேன். தயிர் மூக்கில், அவல் மீசையில், களாப்பழக் கூழ் மொத்தமும் நெஞ்சில். வெள்ளைச் சட்டை கழுத்திலிருந்து தொப்புள் வரைக்கும் செக்கச்செவேலென்று ஆனது. ராஜாங்கம் "ஆ!" என்று அலறிக்கொண்டே கட்டிலில் மல்லாந்தார்.

"ஐயோ, அண்ணா!" என்று தம்பி ஓடிவந்தான். கையிலிருந்த அருவாளைக் கீழே போட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

சரியாக அந்த நேரம் பார்த்துப் பால்காரர் பூமாலை டிவிஎஸ்ஸில் தார் ரோட்டு வழியாகப் போனார். அங்கிருந்து திரும்பிப் பார்த்தவர் வண்டியை நிறுத்தவில்லை. முன்னைவிட மூன்று மடங்கு வேகத்தில் பறந்தார். பால் கேன் மூடி கழன்று ரோட்டில் உருண்டது. அதை எடுக்கவும் நிற்கவில்லை.

அந்த நேரத்தில் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை, எல்லாம் பின்னால் கேள்விப்பட்டதுதான். ஆண்டாள் தண்ணீரும் துண்டும் கொண்டுவந்தாள். தம்பி தன் பூப்போட்ட சட்டையொன்றைக் கொட்டகையிலிருந்து எடுத்துவந்தான். ராஜாங்கம் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். பந்தியில் ஒருவரும் மெல்லவில்லை. போயிற்று, இனி ஏழு தலைமுறைக்கு முள்தான் என்று நினைத்தேன்.

அவர் நாக்கு மெதுவாக வெளியே வந்து மீசையைத் துழாவியது. உள்ளே போனது. மறுபடி வந்தது.

"நர்சம்மா, மோருன்னீங்களே?"

"கெட்டி மோருங்க."

"செவப்பா இன்னாது?"

"களாப்பழமுங்க."

"இன்னொன்னு கீதா?" என்றார். "இந்த வாட்டி ஸ்பூன் குடுங்க. கொல்லப் பாத்தீங்களே என்னை."

பூப்போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, இரண்டாவது டம்ளரை மடியில் வைத்துச் சுரண்டிச் சுரண்டித் தின்றார். ஒவ்வோர் அடுக்கு வரும்போதும் "அடியில இன்னும் கீது பாரு" என்று டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். தம்பிக்கு முகம் மலர்ந்தது. நேரம் பார்த்துத் தொண்டையைச் செருமினான்.

"அண்ணா, அந்த லாரி..."

"தோ பார் தம்பி" என்றார் ராஜாங்கம், ஸ்பூனை வாயிலிருந்து எடுக்காமல். "தயிர் வேற, வழி வேற. வழியைப் பத்தி இங்க ஒரு வார்த்தை பேசாதே."

என் வக்கீல் படிப்பு அத்தோடு முடிந்தது. தம்பி தலையைத் தொங்கப்போட்டு மறுபடி பலாப்பழத்துக்குப் போனான்.

பூமாலை எங்கேயெல்லாம் போய் என்னவெல்லாம் சொன்னார் என்பது பிறகுதான் தெரிந்தது. டீக்கடையில் ஒரு வெட்டு என்றிருக்கிறார். ரேஷன் கடையில் அது மூன்றாகிவிட்டது. ராஜாங்கத்தின் வீட்டு வாசலுக்குப் போனபோது உயிர் இல்லை. நான் வாழ்நாள் முழுக்கக் கூட்டிச் சொல்லிச் சேர்த்த பெயரை அந்த மனிதர் ஒரே மத்தியானத்தில் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

திடீரென்று ராஜாங்கத்தின் தரிசுப் பக்கம் டிராக்டர் சத்தம். அதற்கும் மேலே ஒரு பெண்குரல். நிமிர்ந்து பார்த்தால் முள்வேலி அப்படியே எகிறிப் பறக்கிறது! ராஜாங்கத்தின் மகன் சரத்குமார் தார் ரோட்டில் சுற்றி வராமல், அடைத்த வழியிலேயே டிராக்டரை விட்டு முள்ளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பக்கத்தில் அவன் அம்மா ராஜாம்பாள், மட்கார்டைப் பிடித்தபடி தலைவிரிகோலமாக அழுதுகொண்டிருந்தாள்.

டிராக்டர் நிற்பதற்குள் சரத்குமார் கடப்பாரையோடு குதித்தான். ராஜாம்பாள் இறங்கி நாலடி ஓடிவந்தவள் அப்படியே நின்றாள். எதிரே அவள் புருஷன், பூப்போட்ட சட்டையில், வாயில் ஸ்பூனோடு.

"யோவ்! நீ சாவலியா?"

"செத்தவன் ஸ்பூன்ல துண்ணுவானாடி?"

"வெட்டிட்டாங்கன்னானே அந்தப் பூமாலை!" என்று தரையில் உட்கார்ந்து இன்னொரு முறை அழுதாள். அழுது முடித்துவிட்டு, "இது யார் சட்டை? நீ பாட்டுக்கு இங்க குந்திக்கினு துண்ற, எனக்கு அங்க உசுரு போய்க்கினு கீது" என்று திட்ட ஆரம்பித்தாள். ஆண்டாள் சமயோசிதமாக ஒரு டம்ளரை அவள் கையில் திணித்தாள்.

ராஜாங்கம் மகனைப் பார்த்தார். மகனுக்குப் பின்னால், பிளந்துகிடந்த வேலியைப் பார்த்தார். டிராக்டர் சக்கரத்தில் முள் கற்றையாகச் சுற்றிக்கிடந்தது. வழி, லாரி போகிற அகலத்துக்குச் சுத்தமாகத் திறந்திருந்தது.

"ரோட்டுல வரக்கூடாதா நீ?"

"சுத்திக்கினு வந்தா லேட்டாவும்னு... இதான்பா கிட்ட." சரத்குமார் கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

நான் என் வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டேன். அதைவிடக் கஷ்டமான வேலையை நான் சர்வீஸில் செய்ததில்லை.

"அந்த வழிய மறுபடி நீ அடைச்ச" என்றாள் ராஜாம்பாள், வாயெல்லாம் சிவப்பாக, "நாளைக்கு நெஜமாவே உனக்கு ஒண்ணுன்னா நான் எந்த வழியா வர்றது?"

ராஜாங்கம் வெகுநேரம் டம்ளரின் அடியைச் சுரண்டினார். அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

"முள்ளு வெட்ட இந்த வெயில்ல எவன் வருவான்?" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். "கெடக்கட்டும். மழை வந்தப்புறம் பாத்துக்கலாம். டேய் ஜெயப்பிரகாஷ், அதுக்குள்ள உன் கரும்ப ஏத்திக்கோ. கொழா மேல மட்டும் ஏறுச்சு..."

"போன வாட்டி என் தப்புதாண்ணா" என்றான் தம்பி.

"அதை அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

வெட்டு தொடங்கியது. முதல் லாரி வந்த காலையில் நான் போய்ப் பார்த்தேன். ராஜாங்கம் எனக்கு முன்னாலேயே வந்து, தன் குழாய் போகும் இடத்தில் கால்களை அகட்டி நின்றுகொண்டு, துண்டை வீசி வீசி டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஒடிய்யா, ஒடி! இன்னும் லெஃப்ட்டு! கண்ணு தெரிலியா உனக்கு?"

லாரி அவரைச் சுற்றிக்கொண்டு மெதுவாக உள்ளே போனது.