ராணி கிரீடத்தின் கால்கள்

அந்த அருங்காட்சியகத்துக்கு அக்காதான் இயக்குநர். தங்கை அங்கேயே உலோகப் பொருட்களை ஆராய்கிறவள். ஊழியர்களுக்கு அவர்கள் பெரிய மேடம், சின்ன மேடம். உடன்பிறந்தவள் என்று அக்கா ஒருநாளும் சலுகை காட்டியதில்லை. மற்றவர்கள் அறிக்கையை ஒரு தடவை திருப்பி அனுப்பினால், தங்கையின் அறிக்கையை இரண்டு தடவை அனுப்புவாள்.

முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வெண்கலக் கிரீடம்தான் அந்த இடத்துக்கே முகம். அகலமான வளையம், மேலே ஐந்து கூர்முனைகள், வளையத்தைச் சுற்றி யாராலும் முழுதாகப் படிக்க முடியாத எழுத்து. முன்னொரு காலத்தில் ஓர் அறிஞர் அதில் இரண்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டு, 'அரசி' என்று படித்துவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து அது ராணி கிரீடம். நுழைவுச்சீட்டிலும் அதுதான், வாசல் பலகையிலும் அதுதான்.

களிம்பு பிடித்திருந்ததைச் சுத்தம் செய்ய அதைத் தங்கையின் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். உருப்பெருக்கியில் பார்த்தவளுக்கு ஏதோ உறுத்தியது. ஐந்து முனைகளும் நுனியில் மழுங்கி, ஒரே மட்டத்தில் தேய்ந்திருந்தன. தலையில் வைக்கிற கிரீடத்தின் உச்சியில் எது வந்து உரசும்? வளையத்தைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள். ஐந்து காலையும் ஊன்றி, ஆடாமல் அசையாமல் நின்றது.

பிறகு எழுத்தைப் பார்த்தாள். அதே எழுத்து கீறிய பானை ஓடுகள் கிடங்கில் ஏராளம். வாய் விளிம்போடு கிடைத்த ஓட்டில் மேல் எது, கீழ் எது என்ற குழப்பத்துக்கே இடமில்லை. அவற்றோடு ஒப்பிட்டபோது, கிரீடத்தின் எழுத்துகள் இத்தனை காலமும் தலைகீழாக நின்றது தெரிந்தது. நேராக்கிப் பார்த்தால் 'அரசி' காணாமல் போனாள். அவள் இருந்த இடத்தில், பல பானைகளில் வருகிற ஒரு சொல் இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். சண்டைக்குத் தயார் என்று அர்த்தம்.

"அப்ப இது என்னங்கறே?"

"பிரிமணைக்கா. பானை உருளாம இருக்க அடியில வைப்போமே, அது. வெண்கலத்துல கால் வச்சுப் பண்ணியிருக்காங்க."

"மண்ணுக்குள்ள கிடந்த சாமான் தேயாம என்ன செய்யும்?"

"மண்ணு தேய்ச்சா எல்லாப் பக்கமும் தேயும். இதுல நுனி மட்டும்தான் தேஞ்சிருக்கு."

அக்கா அசைந்து கொடுக்கவில்லை. பிரிமணை என்றால் பானை எங்கே என்று கேட்டாள். பானையைக் காட்டாமல் அருங்காட்சியக நிர்வாகக் குழுவின் முன்னால் வாய் திறக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள்.

பானையைக் காட்டாமல் விடுவதில்லை என்று தங்கையும் கங்கணம் கட்டிக்கொண்டாள். கிரீடம் கிடைத்த அதே அகழாய்வுக் குழியிலிருந்து அள்ளி வந்த ஓடுகள் சாக்குகளில் பிரிக்கப்படாமலே கிடந்தன. வாரக்கணக்கில் அவற்றைக் கழுவி, உலர்த்தி, ஒட்டினாள். மூக்கில் தூசி ஏறித் தும்மல் விடாமல் பிடித்தது. சோறு தின்னும்போதுகூட விரல்கள் இரண்டு பருக்கைகளைச் சேர்த்துப் பொருத்திப் பார்ப்பதாக வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். ஒருவழியாக எழுந்து நின்ற முதல் பானைக்கு அடி தட்டையாக இருந்தது. தட்டை அடிப் பானைக்குப் பிரிமணை எதற்கு? அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தங்கைக்கு.

அன்று முழுக்க மனசு உடைந்துபோயிருந்தாள். மறுநாள் காலை முதல் வேலையாக அடுத்த சாக்கைப் பிரித்தாள்.

அதில் உருண்டை அடியின் துண்டுகள் கிடைத்தன. பாதிதான் தேறியது. ஆனால் கழுவக் கழுவ, வெளிப்பக்கத்தில் பச்சையாக ஒரு கோடு வளைந்து தெரிந்தது. பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் ஒட்டிக் கிடந்ததில் வெண்கலத்தின் களிம்பு பானையில் இறங்கியிருந்தது. ஒட்டிய அடியை மெல்லத் தூக்கி வளையத்தின்மேல் வைத்தாள். பச்சைக் கோடும் வளையத்தின் விளிம்பும் இம்மி பிசகாமல் பொருந்தின. இன்னொரு தடவை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டாள்.

அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குனிந்து, நிமிர்ந்து, மறுபக்கம் போய் மறுபடி குனிந்து பார்த்தாள்.

"வர்றவங்க கிட்டல்லாம் பானை வைக்கிற சாமானைக் காட்டி ராணி, ராணின்னு கதை சொல்லியிருக்கேன்டி," என்றாள் கடைசியில். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். குழுக் கூட்டத்துக்கு நாள் குறித்தாள்.

கூட்டத்தில் தங்கையைக் குடைந்து எடுத்தது அக்காதான். களிம்பு வேறு பொருளிலிருந்து வந்திருந்தால்? உடைந்த பானை தற்செயலாக வளையத்தின்மேல் விழுந்திருந்தால்? தற்செயலாக விழுந்த பானை எழுத்தையும் நேராக்கி, கால்களையும் தேய்த்துவிட்டுப் போகாது என்றாள் தங்கை. கேள்விகள் தீர்ந்தபோது மற்றவர்களுக்குக் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. அக்கா யாருக்காக அப்படிக் கேட்டாள் என்பது தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது.

குழுத் தலைவருக்கு ஒரே ஒரு குறை. ராணி போனால் போகட்டும், பெட்டியில் எழுதி வைக்க வேறு ஏதாவது வேண்டுமே என்றார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?

"தெரியாதுங்க."

தண்ணீர் என்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். பானையில்தானே வருகிறது, யார் கேட்கப்போகிறார்கள்?

"இதுக்கு முன்னாடி ஒருத்தர் அப்படித்தாங்க 'அரசி'ன்னு போட்டாரு," என்றாள் தங்கை. "தெரியலைன்னே எழுதுங்க. இல்லேன்னா என் பேரை எடுத்துடுங்க."

தலைவர் அக்காவைப் பார்த்தார். அக்கா ஜன்னலைப் பார்த்தாள்.

வாசல் பலகையை மாற்றச் செலவாகும் என்று அதை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். பெட்டிக்குள் வளையம் கால் ஊன்றி நின்றது. அதன்மேல் பாதிப் பானை. பக்கத்தில் அட்டை: 'பானை தாங்கி. எழுதியிருப்பதன் பொருள் இன்னும் தெரியவில்லை.'

பெட்டியைப் பார்வைக்குத் திறந்த அன்றே ஒரு பெரியவர் புகார் சொல்ல வந்தார். யாரோ கவனமில்லாமல் கிரீடத்தைத் தலைகீழாக வைத்து, அதன்மேல் உடைந்த சட்டியையும் வைத்திருக்கிறார்கள் என்றார். காவலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு சின்ன மேடத்தைக் கூப்பிட்டார்.

தங்கை கையைத் துடைத்துக்கொண்டு முன்கூடத்துக்கு வந்தாள். பெரியவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லிவிட்டு, முனைகள் தேய்ந்திருந்ததிலிருந்து ஆரம்பித்தாள்.