ஆறாம் வார்டுக்குக் கேட்கும்

கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயிருக்கின்றன, இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கம்பி, நடுவில் இசக்கிமுத்து அண்ணாச்சி, ஒரு கால் சொந்தக் கால், மற்றது எங்கள் ஆஸ்பத்திரியில் செய்து மாட்டியது, கையை விடுங்க அண்ணாச்சி, நான் பிடிச்சுக்கிடுதேன் என்கிறேன், எட்டு வருடமாக நடக்கப் பழக வருகிற எல்லாரிடமும் இதைத்தான் சொல்கிறேன், அது பொய், நான் பிடிப்பதில்லை, இடுப்புக்கு ஒரு சாண் தள்ளி என் கை நிற்கும், தொட்டால் அவர்கள் சாய்ந்துகொள்வார்கள், அப்புறம் நடக்கவே மாட்டார்கள், லாரி ஓட்டியவருக்கு இது தெரியாமல் இருக்குமா, பிடிக்கேன் பிடிக்கேன்னு சொல்லுதீய, ஒருநாளாவது பிடிச்சீயளா சார், நீங்க மொதல்ல விடுங்க, நீங்க மொதல்ல பிடிங்க, நெல்லுக்கு விலை பேசுவதுபோல் இது தினமும் நடக்கும், எதிரே மூலையில் மடியில் ஒரு செயற்கைக் காலை வைத்து அரத்தால் ராவிக்கொண்டிருக்கும் மைதீன் பிச்சை நிமிர்ந்து, வலது கையைத் தூக்கி, மூடிய விரல்களை மெல்ல விரித்துக் காட்டுகிறான், விட்டுரும் என்று அர்த்தம், நான் ஆயிரம் சொன்னாலும் விடாதவர்கள் அவன் கையைப் பார்த்தால் விட்டுவிடுவார்கள், அண்ணாச்சி இன்று அதற்கும் விடவில்லை, நான் மைதீன் பக்கம் திரும்பாமல் இடது கால் அரை அங்குலம் குட்டையா இருக்கு என்கிறேன், சரி பார்க்கேன் என்கிறான், ஏப்ரலுக்குப் பிறகு நாங்கள் பேசுவது இவ்வளவுதான்.

சுவரில் பெட்டி இருக்கிறது, பழுப்புத் துணி முகம் போட்ட மரப் பெட்டி, எல்லா வார்டிலும் ஒன்று உண்டு, காலை ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரிக் கோயிலில் ஜெபம் தொடங்கினால் பெட்டிகள் எல்லாம் பேசும், ஒரு பாட்டு, ஐந்து நிமிடம் ஒரு செய்தி, பிறகு சுகம் வேண்டி நோயாளிகளின் பெயர்கள், செய்தி சொல்வது ஊழியர்களின் முறை, அகர வரிசையில் சுற்றி வரும், எலும்பு டாக்டரும் சொல்வார், துணி துவைக்கும் இடத்து எஸ்தரக்காவும் சொல்வார், எஸ்தரக்கா சொன்னால் வார்டில் எல்லாரும் அழுவார்கள், எனக்கு மட்டும் மைக்கைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும், நோயாளிக்கு முன்னால் அத்தனை வாய் பேசுவேன், நாற்பது பேர் சும்மா உட்கார்ந்து என்னையே பார்த்தால் முடியாது, ஜனவரியில் என் மனைவி சுகிர்தா ஆறாம் வார்டில் சேர்க்கப்பட்டபோது அவள் தலைக்கு நேர் மேலே பெட்டி, ரத்தத்தில் வந்த நோய், எழுந்து உட்காரக்கூட முடியாது, ஆனால் கேலிக்குக் குறைவில்லை, உங்க ஐயர் ஜெபத்துக்கு நடுவுல மூச்சே விட மாட்டாரா என்பாள், எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், வேதமாணிக்கம் ஐயர் ஜெபம் செய்தால் கஞ்சி ஆறிவிடும், உங்க முறை எப்ப வருது, பிப்ரவரி கடைசில, நல்லாப் பேசணும், நான் இங்க படுத்துக் கேப்பேன், தப்பாச் சொன்னீங்கன்னா மணியடிப்பேன், கட்டில் ஓரத்து மணியை ஒரு தடவை அடித்தும் காட்டினாள், நர்ஸ் ஓடி வந்து ரெண்டு பேரையும் திட்டினாள், கோயில் முற்றத்துக்கு அப்பால்தான் ஆறாம் வார்டு, மணி அடித்தால் கோயிலுக்குள் கேட்கும்.

பிப்ரவரியில் தொண்டை சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன், எனக்குப் பதிலாக ரத்தப் பரிசோதனை அறையின் ஞானசிகாமணி போய் ஐந்து நிமிடம் நன்றாகவே பேசினார், அதை ஆறாம் வார்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், அவள் பெட்டியைப் பார்த்தாள், என் தொண்டையைப் பார்த்தாள், சரி, அடுத்த முறை என்றாள், ஒரு சுற்று முடிய ஆறு மாதம் ஆகும் என்று அவளுக்கும் தெரியும், ஏப்ரலில் போய்விட்டாள், வந்தவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்து, பாடெல்லாம் முடிஞ்சு விடுதலை கிடைச்சிட்டு தம்பி என்றார்கள், நான் தலையாட்டினேன், அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிட்டேன், வீட்டில் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை, சோற்றைக்கூட நடந்துகொண்டேதான் தின்றேன், வந்து கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், ஏழே முக்கால், பெட்டியில் ஒரு நர்சிங் மாணவியின் குரல் நோட்டைப் பார்த்து வாசிக்கிறது, நான்காம் வார்டு செல்லையா, ஐந்தாம் வார்டு பேச்சியம்மாள், ஆறாம் வார்டு சுகிர்தா, பூரண சுகம் கிடைக்க.

வார்டிலிருந்து சீட்டு வந்தால்தான் நோட்டில் பெயரை அடிப்பார்கள், ஊழியர் வீட்டு ஆள்தானே, கோயிலுக்குத் தெரியாதா என்று வார்டு நினைத்திருக்கும், வார்டு சொல்லட்டும் என்று கோயில் இருந்திருக்கும், அடக்கத்தை முடித்த கையோடு ஐயர் வெளியூர்க் கூட்டங்களுக்குப் போயிருந்தார், வாசிக்கிற மாணவிகள் நாளுக்கு ஒருத்தி, அவர்களுக்கு அது ஒரு பெயர், உட்கார்ந்திருந்தவர்களில் தெரிந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள், நான் சொல்லியிருக்கலாம், நான்கு எட்டு நடந்தால் கோயில், போகவில்லை, மறுநாள் ஏழரைக்கே வந்து பெட்டிக்குக் கீழே நின்றேன், ஆறாம் வார்டு சுகிர்தா, பூரண சுகம் கிடைக்க, நாற்பது பேர் ஆமென் என்கிறார்கள், அதோடு எனக்கு ஒரு நாள் ஓடிவிடும், அப்படி ஒன்பது காலை, அந்த ஒன்பது நாளும் அவள் வார்டில் படுத்திருந்தாள், சாயங்காலம் பார்க்கப் போக வேண்டும் என்றுகூட ஒருநாள் நினைத்துக்கொண்டேன், பத்தாம் காலை ஐந்தாம் வார்டோடு நிறுத்திவிட்டு ஏழாம் வார்டுக்குப் போனது அந்தக் குரல், பெட்டியில் ஏதோ கோளாறு என்று கையால் தட்டினேன், பின்னால் மைதீன், நான்தான் வே சொன்னேன், எங்க மதினி போயி இத்தனை நாளாச்சு, பேரை எடுங்கன்னு, எனக்குக் கேக்க முடியல, அவன் அவளுடைய அடக்கத்துக்கு வந்து குழி ஓரம் நின்று மண் போட்டவன், அவள் கருவாட்டுக் குழம்பு கொடுத்துவிட்டால் நான் வருவதற்குள் தூக்குச்சட்டியைத் திறந்துவிடுகிறவன், எல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்தும், உமக்கு யாருவே அதிகாரம் கொடுத்தது, உம்ம கோயிலா அது, என்றேன், அவன் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான், அன்றைக்கு உட்கார்ந்தவன்தான்.

ஆகஸ்ட் பதினைந்து என் முறை, கொடியேற்றும் நாள், அதனால் தலைப்பையும் ஐயரே கொடுத்துவிட்டார், விடுதலை, தோளைத் தொட்டு, தங்கச்சிக்குக் கிடைச்ச விடுதலையையும் சாட்சியாச் சொல்லுங்க தம்பி, எத்தனையோ பேருக்கு ஆறுதலா இருக்கும் என்றார், தொண்டை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை, மூன்று குறிப்பு எழுதினேன், தேசத்தின் விடுதலை, பாவத்திலிருந்து விடுதலை, வேதனையிலிருந்து விடுதலை, வீட்டில் நடந்துகொண்டே படித்தேன், மூன்றாவது வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது, இப்போது கோயிலில் நிற்கிறேன், மைக் என் மூச்சை வாங்கி எல்லா வார்டுக்கும் அனுப்புகிறது, அண்ணாச்சியும் அங்கே கம்பி நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார், தாள் கையில் இருக்கிறது, எனக்குக் கொடுத்த தலைப்பு விடுதலை என்கிறேன், என் குரல் சுவரில் பட்டுத் திரும்புகிறது, தாளை மடித்துப் பைக்குள் வைக்கிறேன், பிப்ரவரியில் என் தொண்டை நன்றாகத்தான் இருந்தது, பயந்தேன், ஆறாம் வார்டில் ஒருத்தி நான் பேசுவதைக் கேட்கக் காத்திருந்தாள், அவளுக்கு விடுதலை கிடைத்தது என்கிறீர்கள், இருக்கலாம், எனக்குத் தெரியாது, அவள் விடுதலை கேட்கவில்லை, வீட்டுக்கு வர வேண்டும் என்றுதான் கேட்டாள், ஐயர் கீழே பார்க்கிறார், எஸ்தரக்கா மட்டும் என்னையே பார்க்கிறார், போன பிறகும் நான் கேட்க ஒன்பது நாள் அவளுக்குச் சுகம் கேட்டீர்கள், உங்களைக் குறை சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தும் சும்மா இருந்தேன், எனக்கு அது வேண்டியிருந்தது, இன்னும் தொண்ணூறு நாள் வாசித்திருந்தாலும் கேட்டிருப்பேன், அவளைப் போக விடாமல் பிடித்து வைத்திருந்தது நான், ஒருத்தன் வந்து நிறுத்தினான், அவன்.

அதற்குமேல் வரவில்லை, கீழே பார்க்கிறேன், பிரசங்க மேடையின் மர விளிம்பை என் இரண்டு கைகளும் பிடித்திருக்கின்றன, விரல்கள் வெளுத்துப் போயிருக்கின்றன, எப்போது பிடித்தேன் தெரியாது, விட்டால் விழுந்துவிடுவேன் என்று மட்டும் தெரிகிறது, பெட்டிகளில் எல்லாம் என் மௌனம் போய்க்கொண்டிருக்கிறது, கொடியேற்றுவதற்காக வாசலுக்கு வெளியே கூடியிருக்கிறவர்களில் மைதீன் நிற்கிறான், செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டையில் குத்திய காகிதக் கொடியோடு, உள்ளே வராமல், வாசற்படி மேல், வலது கையைத் தூக்குகிறான், மூடிய விரல்களை மெல்ல விரிக்கிறான், அவனிடம் நான் நான்கு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்கிறேன், மைக்கில், எல்லா வார்டுக்கும், அவன் செய்ததுதான் சரி, மன்னிச்சிரும் வே, யாரோ சிரித்து அடக்கிக்கொள்கிறார்கள், கோயிலில் யாரும் வே என்று சொன்னதில்லை, வலது கையை விடுகிறேன், பிறகு இடது கையை, விழவில்லை, பிடிக்க ஆள் இல்லை, ஒரு சாண் தள்ளி ஒரு கை இருக்கிறது, முற்றத்தில் கொடிக்கயிறு கம்பத்தில் தட்டும் சத்தம், அதைத் தாண்டிக் காதைக் கொடுத்து நிற்கிறேன், ஆறாம் வார்டில் மணி அடிக்கவில்லை, விரல்களுக்குள் ரத்தம் திரும்பி வருகிறது, சுள்ளென்று வலிக்கிறது.