முழுக்கைச் சட்டை

பிள்ளைங்களுக்கு ஊசி போடணும் மாமா, என்று சொல்லிவிட்டாள், வாயை விட்டு வந்தாயிற்று, கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை... இந்த வீட்டில் எதைக் கேட்கவே கூடாது என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லி அனுப்பினார்களோ அதையே, காலை ஜெபம் முடிந்து வேதப்புத்தகத்தை மூடுகிற நேரமாகப் பார்த்துக் கேட்டாள் சரோஜினி. மருந்தில்லாச் சபைடி அது, தலைவலின்னாகூட மாத்திரை கேட்டுடாதே, என்று பல்லாவரத்தில் அம்மா தபீதாள் திரும்பத் திரும்பச் சொன்னாள், மாப்பிள்ளை எம்.ஏ., கணக்கு வாத்தியார், அது போதாதா என்று அப்பா தோல் கிடங்கு வாசனையோடு சிரித்தார்... போதவில்லை அப்பா. கணக்கு வாத்தியார் இப்போது எத்தியோப்பியாவில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார், பெண்டாட்டியும் பிள்ளைகளும் அடுத்த மாதம் விமானம் ஏற வேண்டும், அம்மை குத்தி, மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு, மஞ்சள் புத்தகத்தில் ஊசி போட்டதற்கான சீல் வாங்காமல் ஏற்றமாட்டான். பாயில் உட்கார்ந்திருந்த தேவானந்தம், அவள் புருஷன் சுந்தர்சிங்கின் அண்ணன், ரயில்வே ஆபீசில் ஹெட் கிளார்க், சபையில் மூப்பர், கோபப்படவே இல்லை, கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, பல் தெரியச் சிரித்தார். "ஊசி எதுக்கும்மா? ஏர்போர்ட்ல அவன் கையையா பாக்கப்போறான், சீலைத்தானே பாப்பான்? பாரிஸ் கார்னர்ல ஒரு ஆள் இருக்கார், சீல் கையெழுத்து எல்லாம் ரெடியா வந்துடும். சிங்கு அப்படித்தானே போனான்? ஒரு குறையும் இல்லாம கர்த்தர் கொண்டுபோய்ச் சேர்க்கலையா?"

இது என்ன விசுவாசம்... ஊசி பாவம், பொய்ச் சீல் பாவமில்லை, அப்படியா? விசுவாசம் என்றால் கையில் சீலே இல்லாமல் போய் நின்று, கர்த்தர் காப்பார் விடு என்று அந்த அதிகாரியிடம் சொல்லிப் பார்க்கட்டுமே, அதுவல்லவா விசுவாசம். மஞ்சள் காய்ச்சலைக் கொண்டுவருகிற கொசு வந்து புத்தகத்தைப் புரட்டி, சீல் சரியாக இருக்கிறது என்று திரும்பிப் போகுமா? அந்தக் கொசுவைக் காலில் இருக்கிற வெள்ளைப் பட்டை முதற்கொண்டு ரெக்கார்டு நோட்டில் வரைந்தவள் அவள், அவள் தெருவிலேயே முதல் பி.எஸ்சி., அந்தப் படத்துக்கு புரொபசர் வெரி குட் போட்டார், வரைந்ததெல்லாம் எதற்கு, இந்தப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து ஆமென் சொல்வதற்கா. அம்மை குத்துகிற துளசிங்கம் தெருவில் தலைகாட்டினால் போதும், இந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுப் பாட ஆரம்பித்துவிடுவார்கள். அவர் வெளியே நின்று கத்துவார், "வூட்ல ஆளு கீது, பாட்டு கேக்குது, கதவு மட்டும் தொறக்காதா? நானும் கூட வந்து பாடட்டா?" எதிர்வீட்டுக் கங்கையம்மாள் சிரிப்பாள், உள்ளே இவளும் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்... சிரித்தது எல்லாம் புஷ்பம் அக்காவின் பையன் போகிறவரைக்கும். தேவானந்தத்தின் ஒரே பையன், தொண்டை அடைத்து மூச்சு இழுக்கிறது, சுற்றிலும் சபையார் கைதூக்கி நிற்கிறார்கள், டாக்டர் வீடு இரண்டு தெரு தள்ளி. டாக்டர் என்று அவள் வாயெடுத்தாள், பக்கத்தில் இருந்த சுந்தர்சிங் அவள் கையைப் பிடித்து அழுத்தினான், விரல் வலிக்க அழுத்தினான். விடியும்போது கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்றார்கள். எடுத்துக்கொண்டாரா, கொடுத்துவிட்டார்களா? அக்கா அழக்கூட இல்லை, விசுவாசி அழக்கூடாதாம், அன்றைக்குச் சாயங்காலமே எல்லாருக்கும் காப்பி போட்டாள்.

எத்தனை நேரமாக மாமா பேசிக்கொண்டிருக்கிறார், காதில் விழவே இல்லை... "ஞானஸ்நான முழுக்கு எடுத்தப்ப இன்னா ஒப்புக்கொடுத்தே? ஞாபகம் இருக்கா? ஊசிக்குன்னு இந்த வாசலைத் தாண்டினா மறுபடி இந்த ஜெபத்துல உட்கார முடியாது. நான் சிங்குக்கு எழுதறேன். அவன் வராதேன்னா வராதேதான்." எழுதுங்க மாமா, என்றாள், நல்லா எழுதுங்க, நான் சீல் வாங்க மாட்டேன்னு சொன்னேன்னும் சேர்த்து எழுதுங்க. குரல் நடுங்கியது, நடுங்கினால் என்ன, நடுங்கிக்கொண்டே சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். எழுந்து உள்ளே போய் எஸ்தருக்குத் தலை பின்னினாள், சின்னவனுக்கு முகம் துடைத்தாள், கை முழங்கை வரை இருக்கிற கவுனை எடுத்தவள் திரும்ப வைத்துவிட்டுக் கையே இல்லாத கவுனை எடுத்தாள். எங்கேம்மா போறோம், என்றது குழந்தை. கிண்டிக்கு, ஊசி போட, எலெக்ட்ரிக் ட்ரெயின்ல. ஊசி வலிக்குமா? வலிக்கும், ஆமாம் வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன், இந்த வீட்டில் பொய் போதும் போதும் என்று இருக்கிறது... அவன் வராதே என்று எழுதிவிட்டால்? எழுதட்டும், இவள் பி.எஸ்சி., பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்காமலா போய்விடும், ஆனாலும் இரண்டு வருஷமாகப் பார்க்காத முகம், சின்னவனுக்கு அப்பா என்றால் ஒரு போட்டோ...

கிணற்றடி வழியாகப் போனாள். புஷ்பம் அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை, கை மட்டும் நின்றது. எல்லாமே கேட்டிருக்கும், இந்தச் சுவரில் எதுதான் கேட்காது. ஏதாவது வசனம் சொல்வாள் என்று நினைத்தாள். அக்கா மெல்ல, தண்ணீருக்குச் சொல்வதுபோல, "கை வீங்கும். காய்ச்சல் அடிக்கும், பயந்துடாதே. அப்புறம் பொருக்கு கட்டும், சொறிய விடாதே," என்றாள். பிறகு இன்னும் மெல்ல, "முழுக்கைச் சட்டை போட்டா வெளியே தெரியாது."

உங்களுக்கு எப்படிக்கா தெரியும், இந்த வீட்டில் யாருக்குப் பார்த்தீங்க... கேட்கவில்லை, கேட்பதற்குள் அக்கா துணியை ஓங்கி அடிக்க ஆரம்பித்துவிட்டாள். முழுக்கைச் சட்டை. இரண்டு வருஷத்துக்கு முந்தி, மே மாதம், தார் உருகுகிற வெயில், எத்தியோப்பியாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாட்களில் சுந்தர்சிங் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டே திரிந்தான், அதோடேயே படுத்தான், அவள் தோளைத் தொட்டபோது முகம் சுளித்து, கட்டெறும்பு கடிச்சிடுச்சி என்றான். உடம்பு நெருப்பாகச் சுட்டது, கைக்குழந்தையோடு இவள் தூங்கிப்போனாள், ராத்திரி அக்காதான் ஈரத்துணி போட்டாளாம், வெயில் சூடு என்றார்கள்... அப்படியென்றால் பாரிஸ் கார்னர் ஆள்? சீல் மட்டும் வாங்கினேன் அண்ணா என்று அவன்தான் சொல்லியிருக்கிறான், கையை உள்ளே மறைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறான், அதை நம்பித்தான் இந்த மனுஷர் இன்றைக்குத் தன் தம்பி பிள்ளைகளுக்குப் பொய்ச் சீல் வாங்கக் கிளம்பியிருக்கிறார். தன் உயிருக்கு ஊசி, பிள்ளைகளுக்கு என்ன? அண்ணன் சொல்றபடி செய் என்று எழுதினானே, போன கடிதத்தில்கூட, அதை எழுதுகிறபோது அந்தத் தழும்பு அவனுக்கு அரித்திருக்காதா...

கேட்டைத் திறந்தாள். உள்ளேயிருந்து சரோஜினி, என்று மாமாவின் குரல், ஒரே ஒரு தரம். அவள் சின்னவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள், எஸ்தரின் வெறுங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி போடுவது என்றால் போடுவதுதான், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. விமானத்தில் இறங்கியதும் அவன் ஓடிவந்து பிள்ளைகளைத் தூக்குவான், அப்போது அவன் சட்டைக் கையை இவள் மடித்துவிடுவாளா, மாட்டாளா... ஸ்டேஷன் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது, அவள் நடையை எட்டிப் போட்டாள்.