இரட்டை மேற்கோளுக்குள்

"போட்டோவை எந்த எடத்துல வச்சிருக்காருன்னு தெரியுமா அண்ணி?"

வேணு மூன்றாவது முறையாகக் கேட்டபோதுதான் தேவயானி நிமிர்ந்தாள். கம்ப்யூட்டர் மேல் போர்த்தியிருந்த பூவேலைத் துண்டை எடுத்து மடித்து, அவன் தன் தோளில் போட்டுக்கொண்டிருந்தான். தினமும் சாயந்திரம் அவள் வீட்டுக்காரர் செய்கிற காரியம் அது. வேறொரு தோளில் அந்தத் துண்டைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்கிட்ட எங்க சொன்னாரு? எல்லாம் அந்தப் பொட்டிகிட்டதான்."

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கப் படம் வேண்டும். கல்யாணப் படத்தில் மாலைதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. போன மாதம் ரயில்வே பாசுக்கென்று எடுத்த படம் கம்ப்யூட்டரில் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் வேணு, அதை ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டு போக வந்திருந்தான்.

காலை ஏழே முக்கால் வண்டியில் அரக்கோணம் பார்சல் ஆபீசுக்குப் போன அவள் வீட்டுக்காரர் முருகவேல், இறங்கி நாலு எட்டு வைத்தவர், பிளாட்பாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். நாற்பத்து மூன்று வயசு. ஆஸ்பத்திரியில் காகிதமெல்லாம் முடிந்து, உடலை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பிவிட்டது. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் எங்கோ மாட்டிக்கொண்டு நின்றது.

"ஏம்மே, இப்படியே உக்காந்துகினு இருந்தா எப்படி?" என்றாள் நாத்தனார் சுலோச்சனா. பள்ளிப்பட்டிலிருந்து அழுதுகொண்டே வந்து, அழுதுகொண்டே கூடத்தைப் பெருக்கி, அழுதுகொண்டே ஊருக்கெல்லாம் போன் போட்டவள். "வாய் விட்டு அழு. நெஞ்சு அடைச்சுக்கும். மொதல்ல அந்த நைட்டிய மாத்திகினு ஒரு பொடவை கட்டு. வர்ற ஜனம் பாக்கும்ல?"

"ஆங் அண்ணி."

அழுகை வரவில்லை. காலையில் நடந்த பேச்சுதான் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். இவள் டிபன் டப்பாவோடு நின்றாள்.

"பாவா, கிருத்திகைக்கு சாயந்திரம் மலைக்குப் போலாமா?"

"ம்."

"இன்னா ம்? போலாமா, வேணாமா?"

"ம்."

"சுவத்துகிட்ட பேசறதும் உங்ககிட்ட பேசறதும் ஒண்ணுதான். போங்க."

போய்விட்டார். கடைசியாக அந்தக் காதில் விழுந்தது அதுதான். விழுந்ததா என்பதே தெரியவில்லை. அதுதான் அவளைக் குடைந்தது. விழுந்திருந்தால், மனசு நொந்து போயிருப்பாரே என்று ஒரு வேதனை. விழாமலே போயிருந்தால் இந்த இருபது வருஷமும் இவள் பேசினதெல்லாம் யாரிடம்?

இரண்டே பேர் இருந்த வீடு. பேச்சுக்கும் இவள்தான், பதிலுக்கும் இவள்தான். பத்து மாதத்துக்கு முன் அந்தக் கம்ப்யூட்டர் வந்த பிறகு முகமும் போய், முதுகு மட்டும்தான் மிச்சம். "மலை மேல இருக்கறவருக்கு ரெண்டு பொண்டாட்டி. உங்க பேரு முருகவேலு, எம் பேரு தேவயானி. வள்ளி ஒண்ணுதான் கொறச்சலா இருந்துச்சு. அதையும் கூட்டியாந்துட்டீங்க, அதுவும் செகண்ட் ஹாண்ட்!" என்று இவள் சொன்னது எப்படியோ தெருவுக்குப் பரவி, "வள்ளி எப்படி இருக்கா?" என்று எதிர்வீட்டு அன்னம்மாள் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. அதற்கும் அந்த முதுகு அசையவில்லை.

"படம் கெடச்சுடுச்சு அண்ணி." வேணு ஃபிளாப்பியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தான். ஆனால் எழுந்திருக்கவில்லை. "ஒரு விஷயம். இப்ப சொல்லலாமான்னு தெரியல."

"சொல்லு."

"காலைல பேப்பர் கட்டு எடுக்க ஸ்டேஷனுக்குப் போனேன். அண்ணனப் பாத்தேன்."

தேவயானி சட்டென்று திரும்பினாள். "கோவமா இருந்தாரா?"

"கோவமா? சிரிச்சுகினுல்ல இருந்தாரு." வேணு நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். "அவர் இதுல இன்னா செஞ்சுகினு இருந்தாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"கேட்டேன் ஒரு நாளு. கலர் அடிக்கறேன்னாரு. எட்டிப் பாத்தா படம் ஒண்ணையும் காணோம், எழுத்தாத்தான் இருந்துச்சு."

"எழுத்துக்குத்தான் கலர் அடிச்சாரு. புரோகிராம் எழுதறதுக்குன்னு ஒரு சாப்ட்வேர். ஊர் ஊரா நாடு நாடா ஆளுங்க சேந்து செஞ்சு சும்மாவே குடுக்கறாங்க. எழுதினா, எந்தச் சொல்லு எதுன்னு கண்ணுக்குத் தெரியற மாதிரி அதுவே கலர் பிரிச்சுக் காட்டும். அண்ணன் கத்துக்கினு இருந்த கம்ப்யூட்டர் மொழிய எவனும் சீண்டல. அதுல எழுதினா எல்லாம் ஒரே கறுப்பு. அதுக்குத்தான் இவரு விதி எழுதினாரு. கட்டளை நீலம். இரட்டை மேற்கோளுக்குள்ள வர்ற பேச்சு பச்சை. மிஷின் படிக்காது, மனுஷனுக்கு மனுஷன் எழுதி வைக்கற குறிப்பு, அது சாம்பல்."

"இதுக்கா பத்து மாசம்?"

"ஒரு மேற்கோள் மூடாம விட்டா பைல் பூரா பச்சையாயிடும் அண்ணி. லேசில்ல." அவன் குரல் கொஞ்சம் உயர்ந்து, இடம் தெரிந்து தணிந்தது. "என் சென்டர்லருந்துதான் அந்த ஆளுங்களுக்கு அனுப்பினோம். நேத்து பதில் வந்துச்சு. ஏத்துக்கினாங்க. ஞாயித்துக்கெழம அந்த சாப்ட்வேர் புதுசா வெளிய வருது, அதுல இவரு எழுதினதும் சேருது."

தேவயானி இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாங்க. கலர் சரியா வுழுதான்னு பாக்கறதுக்கு ஒரு மாதிரி பைலும் கூட அனுப்பணும். அதுல மேற்கோளுக்குள்ள இருக்கறது இன்னா பேச்சு, எங்களுக்குப் புரியல, எடுத்துட்டு வேற போட்டுக்கலாமான்னு. காலைல இதச் சொன்னேன். 'வீட்ல கேட்டுட்டு சாயந்திரம் சொல்றேன்'னாரு."

"என்னையா?"

"ஆங், உங்களத்தான்."

"என்னைக் கேக்கறதுக்கு அதுல இன்னா இருக்கு?"

வேணு பதில் சொல்லாமல் ஒரு பைலைத் திறந்தான். மேலே அதன் பெயர் தெரிந்தது. ஆங்கில எழுத்து. அவளுக்கு அதில் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆனால் அது போதும். தன் பெயரைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"தமிழ்தான், இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருக்காரு. படிக்கட்டுமா?"

பள்ளிக்கூடத்துப் பையன் பாடம் ஒப்பிக்கிற குரலில் ஒவ்வொரு வரியாகப் படித்தான்.

"பாவா, பால் பொங்குது, ஒரு எட்டு பாருங்க."

"பாத்தீங்களா?"

"பாக்கல. அடுப்பெல்லாம் பாலு."

மூன்று வரியும் அவள் பேசியவை. வேணு மேலே படித்தான்.

"மழை வருது. துணிய நானே எடுத்துட்டேன். நீங்க எழுந்துக்காதீங்க, இடுப்பு சுளுக்கிக்கும்."

"அன்னம்மாளுக்கு மருமக வந்திருக்கா. மூக்கும் முழியுமா இருக்கா, சிரிக்கத்தான் மாட்டேங்கறா."

"உங்கக்கா வந்தா மட்டும்..." வேணு நிறுத்திவிட்டான். சமையலறை வாசலில் சுலோச்சனா நின்றிருந்தாள்.

"படிப்பா. எனக்குத் தெரியாததா?"

"உங்கக்கா வந்தா மட்டும் வாய் தொறக்குது. நாளைக்கு அவங்களையே பள்ளிப்பட்டுலருந்து சோறு அனுப்பச் சொல்லுங்க."

சுலோச்சனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "எங்கிட்ட மட்டும் ஆங் ஆங்னு தலையாட்டினியே, திருட்டுக் கழுதை," என்று தேவயானியைப் பார்த்துச் சொல்லி அங்கேயே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

தேவயானி திரையையே பார்த்தாள். பச்சைப் பச்சையாக வரிகள். கை வேலையாக இருக்கும்போது வாய் தன்பாட்டுக்குச் சொன்னவை. அந்த மருமகள் இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி, தெருவே கேட்கச் சிரிக்கிறாள். தான் அப்படி ஒன்றைச் சொன்னதே தேவயானிக்கு மறந்துவிட்டது.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு. 'இந்தப் பொடவை நல்லாருக்கா?'"

"ம்," என்றாள் தேவயானி, மேலே படி என்பதுபோல.

"'உங்களத்தான் கேட்டேன்.' அப்புறம், 'ரெண்டாவது தடவையா கேக்கறேன்.'" வேணு சற்றுக் குனிந்து பார்த்தான். "அதுக்குக் கீழ சாம்பல்ல ஒரு வரி. பைல் பூராத்துலயும் சாம்பல் இது ஒண்ணுதான்."

"இன்னான்னு?"

"'நல்லாருக்கு.'"

தெருவில் காவடி ஒன்று மேளத்தோடு போனது. அரோகரா சத்தம் மெல்லத் தேய்ந்தது.

"எந்தப் பொடவைடி?" என்று சுலோச்சனாதான் கேட்டாள்.

"மாம்பழக் கலரு. பொங்கலுக்கு எடுத்தது."

வேணு பைலின் அடிக்கு வந்தான். "அவ்ளோதான். கடைசி வரி நேத்து சாயந்திரம் சேத்தது. ஆனா ஒண்ணும் எழுதல. மேற்கோள் ரெண்டும் போட்டிருக்காரு, நடுவுல காலி."

"மறந்துட்டாரா?"

"இல்லண்ணி. உள்ள ஒண்ணுமே இல்லன்னாலும் கலர் கரெக்டா வுழணும். அதுக்கு ஒரு காலியும் வச்சுப் பாப்பாங்க." தயங்கினான். "காலைல நீங்க ஏதாச்சும் சொல்லியிருந்தீங்கன்னா, அதைப் போட்டுடட்டுமா?"

தேவயானியின் உதடு பிரிந்தது. சுவர் என்கிற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மலைக்குப் போலாமா என்பதும் அதன் பின்னாலேயே வந்தது. எதைச் சொல்வது? இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

"வேணாம். அது அப்படியே இருக்கட்டும்."

"அவங்களுக்கு இன்னா பதில் போடறது?"

"வீட்ல பேசற பேச்சுன்னு எழுது. எதையும் எடுக்க வேணாம்னு எழுது."

"அண்ணன் தவறிட்டாருன்னு..."

"ஞாயித்துக்கெழம அது வெளிய வரட்டும். பொறவு எழுதிக்கலாம்."

"ம்," என்றான் வேணு.

அந்த ஒற்றை எழுத்து அவளை எங்கோ தொட்டது. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பி வந்தபோது மாம்பழக் கலர் புடவை கட்டியிருந்தாள். சுலோச்சனா ஏற இறங்கப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு கிட்டே வந்து, பின்பக்கம் சரியாக விழாத முந்தானையை இழுத்துவிட்டாள்.

தெருமுனையில் வேனின் ஹாரன் கேட்டது. ஆட்கள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். முருகவேலோடு பார்சல் ஆபீசில் இருந்த வீராசாமிதான் முன்னால் நின்றார்.

"தெக்குப் பக்கம் தலை வைக்கணும்மா. இந்த மேஜை தடங்கலா இருக்கு, வெளிய போட்டுடலாமா?"

"வெளிய வேணாம்ணா. ஓரமா தள்ளுங்க," என்றாள் தேவயானி. "வயரைப் புடுங்கிடாதீங்க."

இரண்டு பேர் மேஜையைத் தூக்காமல் மெல்லச் சுவரோரம் நகர்த்தினார்கள். அவள் வேணுவின் தோளிலிருந்து துண்டை எடுத்து உதறி, அவர் போடுகிற மாதிரியே நாலு மூலையும் இழுத்துவிட்டுத் திரையை மூடினாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி நின்றாள்.

துண்டு பழசு. நூல் இற்றுப்போன ஓரிடத்தில் பச்சையாக இரண்டு மேற்கோள்கள் தெரிந்தன. அவற்றின் நடுவே கர்சர், விட்டு விட்டு, மினுக்கிக்கொண்டிருந்தது.